வெள்ளிக்கிழமைகளில் அணைந்த லேப்டாப்

என் அலமாரியில் இருக்கும் குறிப்பேடுகளில் ஒன்றின் அட்டையில் "லேப்டாப்: நின்ற நேரங்கள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அதற்கு மேலே இருப்பது "மழை: திருநகர்". கீழே இருப்பது "கரண்ட் போன நேரங்கள்". ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராக இருந்தவன் நான். புத்தகங்களுக்கு எண் போட்டுப் போட்டு, எழுதி வைக்காத எதுவும் நடந்ததாகவே நம்ப முடியாத நிலைக்கு முப்பத்தெட்டு வயதில் வந்து சேர்ந்திருந்தேன். இந்தக் குறிப்பேட்டின் முதல் பதிவு 2008 ஐப்பசியில் தொடங்குகிறது. கடைசிப் பதிவு அடுத்த தை மாதம். இடைப்பட்ட மூன்று மாதங்களில் நான் செய்த ஆராய்ச்சியைப் போலத் தெளிவான, ஒழுங்கான, தப்பான ஆராய்ச்சியை அதற்கு முன்பும் பின்பும் நான் செய்ததில்லை.

லேப்டாப் என் தம்பியுடையது. எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். இஞ்சினியரிங் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் அவன் சும்மா இருக்கவில்லை, கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யத் தானாகவே படித்துக்கொண்டிருந்தான். எங்கள் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து புதிதாக ஒன்று வாங்கியபோது, தன்னுடைய பழைய லேப்டாப்பை இவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப். நான்கு கிலோவுக்கு மேல் எடை. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். தெருவில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சென்னையில் விளையாட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனி தை மாதம் ஒரு திங்கட்கிழமை அவனை வரச் சொல்லியிருந்தது. சான்றிதழ் வேண்டாம், நீயே செய்ததைக் கொண்டுவந்து பதினைந்து நிமிடம் ஓட்டிக் காட்டு என்றார்கள். அவன் செய்துகொண்டிருந்தது மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடி மலையை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போய்ப் படம் பிடித்து வந்து, தாமரைக்குளம், ஆலமரம், பாறையில் வெட்டிய படிகள், மேலே சமணர் படுக்கைகள் என்று ஒவ்வொன்றாகக் கட்டினான். அடிவாரத்திலிருந்து ஒருவன் ஏறத் தொடங்குவான். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளும். பாறை வழுக்கும். வழுக்காமல் மேலே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த மழையைப் பார்த்தால் நமக்கே சட்டை நனைந்த மாதிரி இருக்கும்.

இது நடக்காவிட்டால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலகத்தில் சேர்வதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே இடம் தயாராக இருந்தது. நாற்காலிகூட வாங்கிவிட்டார்கள் என்று இடம் பார்த்துக் கொடுத்த மாமா சொன்னார்.

இந்த நிலையில்தான் லேப்டாப் தானாக நிற்க ஆரம்பித்தது. எச்சரிக்கை கிடையாது, மெதுவாக ஆவது கிடையாது. மலையில் ஏறிக்கொண்டே இருப்பான், "டக்" என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிடும். அப்படியே உடனே போட்டால் மறுபடி கொஞ்ச நேரத்தில் நிற்கும். காபி குடித்துவிட்டு வந்து போட்டால் இருபது நிமிடம்கூட ஒழுங்காக இருக்கும்.

மூன்றாவது முறை நின்ற அன்று நான் குறிப்பேட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, கிழமை, மணி, வீட்டு மின்னழுத்தம், வானிலை, விளையாட்டில் எந்த இடம். ஆறு கட்டங்கள்.

"என்னண்ணே இது, ரேஷன் கார்டா?" என்றான் தம்பி.

"எந்தக் கோளாறுக்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்டா. எழுதி வச்சா தானா தெரியும்."

"நீங்க எழுதுங்க. நான் என் புரோகிராம்ல எங்க தப்புன்னு பாக்குறேன். அதுலதான் இருக்கும்."

அவன் சந்தேகம் முழுவதும் தன் மேல்தான். தானாகப் படித்தவனுக்கு அது எப்போதும் இருக்கும் போல. அன்று முதல் அவன் தன் நிரலை வரிவரியாகப் படிக்கத் தொடங்கினான். நான் மின்னழுத்தம் அளக்கத் தொடங்கினேன்.

முதல் பதினைந்து பதிவுகளிலேயே எனக்கு ஒரு ஒழுங்கு கிடைத்துவிட்டது. மின்வெட்டு நேரத்தில் லேப்டாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை! அந்த வருடம் மின்வெட்டுக்குப் பஞ்சமில்லை. ஊரே இருட்டில் விசிறிக்கொண்டிருக்க, பேட்டரி தாங்கும் இருபது நிமிடமும் தம்பியின் மலையில் மட்டும் ஆள் ஜம்மென்று ஏறிக்கொண்டிருப்பான். கரண்ட் வந்தவுடன் அரை மணிக்குள் செத்துவிடும். ஆக, கோளாறு வரும் கரண்டில் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான நிரூபணம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பேட்டரியில் ஓடும்போது இந்த வகை லேப்டாப் தன் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், அதனால் சூடு ஏறாது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது.

ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். அது லேப்டாப்பைவிடக் கனமாக இருந்தது. லேப்டாப் நின்றது. மின்வாரியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன், இணைப்பாக நாலு பக்கம் அளவுகள். அதைப் பார்க்கவே ஒரு லைன்மேன் வந்தார். மீட்டரைச் சொருகி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார்.

"சார், உங்க வீட்டுக்கு வர்ற கரண்டு தங்கம். நானே இதுல பாதி என் வீட்டுக்குக் கேட்டு மனுப் போடலாம்னு இருக்கேன்" என்றவர், என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "இம்புட்டும் நீங்களா எழுதுனீங்க? ஆபீஸ்ல லீவு அதிகமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது கடை. டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு சௌராஷ்டிரர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கடையின் மூலையில் அவருடைய அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நாங்கள் கொண்டுபோனதைப் பார்த்தவுடன் கடைக்காரர் அடியில் இருந்த சின்ன மூடியை மட்டும் கழற்றி, உள்ளே இருந்த ராம் என்ற நினைவகப் பட்டையை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மறுபடி சொருகினார். மதுரையில் அன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டருக்கும் முதல் மருந்து அந்த ரப்பர்தான். பாதி நேரம் குணமும் ஆகிவிடும்.

ஏசி ஓடும் அறையில், கண்ணாடி மேசையின் மேல், கடையில் இருந்த ஒரு கார் விளையாட்டைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். நிற்கவில்லை.

"நல்லாத்தான சார் இருக்கு."

"இங்க வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றான் தம்பி. "மாமியார் வீட்டுக்கு வந்த மாப்ள மாதிரி."

"முழுசாக் கழட்டிப் பாத்துரலாமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான்தான் தடுத்தேன். பின்னட்டையைக் கழற்றினால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியும், ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் செல்லாது என்று படித்திருந்தேன். அந்த உத்தரவாதம் சிங்கப்பூரில் மட்டும்தான் செல்லும் என்பதையும் படித்திருந்தேன். ஆனாலும் இருக்கிற ஒன்றைக் கெடுப்பானேன் என்பது என் வாதம். கடைக்காரர் அவர்கள் மொழியில் அப்பாவிடம் என்னவோ சொன்னார். பெரியவர் பேப்பரை இறக்கி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, ஒரே ஒரு சொல் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். குறிப்பேட்டில் நேரம் எழுதினேன். சொல்லை எழுத முடியவில்லை.

மார்கழி பாதியில் என் குறிப்பேடு புதிதாக ஒன்றைச் சொன்னது. நின்ற நேரங்களில் பெரும்பாலானவை செவ்வாயும் வெள்ளியும். அதிலும் சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரைக்குள். ராகு காலம் என்று பார்த்தால் வெள்ளிக்கிழமை அது பகல் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, இருந்தும் பஞ்சாங்கத்தை எடுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் நம்பிக்கை இல்லை என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் தெருவில் எந்த மோட்டார் ஓடுகிறது என்று மூன்று வெள்ளிக்கிழமை வாசலில் நின்று கேட்டேன். ஆக, அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க நான் உள்ளே இல்லை.

சூடாக இருக்குமோ என்ற எண்ணம் வராமலில்லை. சித்தப்பா மகனிடம் போனில் கேட்டதற்கு, "கேமிங் லேப்டாப்னா சுடத்தாண்டா செய்யும். அடை சுடலாம்" என்றார். சித்திரை வெயிலாக இருந்தால் சந்தேகம் வலுத்திருக்கும். வெளியே மார்கழிப் பனி.

இதற்கிடையில் தம்பி தன் மலையை வெட்டிக்கொண்டிருந்தான். நிரலில் தப்பு கிடைக்காததால், பாரம் அதிகம் என்று முடிவு செய்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். முதலில் குரங்குகள் போயின. பிறகு ஆலமரத்தின் விழுதுகள். பிறகு குளத்துத் தாமரைகளில் பாதி. நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழக்குயில்குடி கொஞ்சம் கொஞ்சமாக மொட்டைப் பாறை ஆகிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அவன் முகம் சின்னதாகும். அதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.

சென்னைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளி. சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு லேப்டாப் நின்றது. தம்பி எழுந்தான்.

"மழையையும் எடுத்துர்றேண்ணே. வேற வழியில்ல."

"மழைய எடுத்துட்டா என்னடா இருக்கு?"

"ஒருத்தன் மலைல ஏறுறான். அதான் இருக்கு. நின்னு போறதுக்கு இது தேவல."

என் மனைவி சாம்பிராணித் தட்டோடு அறைக்குள் வந்தாள். நான் குறிப்பேட்டில் மணியை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க, அதுல வெள்ளிக்கெழமைன்னு வட்டம் போட்டுருக்கீங்களே, அது என்ன?"

"வெள்ளியும் செவ்வாயும் இந்த நேரத்துலதான் அதிகமா நிக்குது. ஏன்னு தெரியல."

"இந்த நேரத்துல நான் காத்தாடிய நிறுத்துறேன்ல? சாம்பிராணிச் சாம்பல் பறக்கும்னு, வீடு பூரா அரை மணி நேரம் எல்லாக் காத்தாடியையும் நிறுத்துறேன்ல?"

தம்பியும் நானும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து மேலே பார்த்தோம். மின்விசிறி அசையாமல் நின்றது.

"மதினி, இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டா? கரண்டக் கேட்டாரு, பஞ்சாங்கத்தக் கேட்டாரு, லைன்மேனக் கேட்டாரு."

அரை மணி கழித்துச் சோதித்தோம். விசிறியைப் போட்டால் ஓடியது. நிறுத்தினால் பதினோரு நிமிடத்தில் நின்றது. மறுபடியும் அதே. தலைக்கு மேலிருந்து வரும் காற்றை நம்பி உயிர் வாழ்கிறதென்றால் அதன் சொந்த மூச்சில் என்னவோ அடைப்பு என்று தம்பி சொன்னான். ஆனால் அவனுக்கு இன்னும் தன் மேல்தான் சந்தேகம். "இருந்தாலும் நம்ம புரோகிராம்தான இம்புட்டுச் சூடு ஏத்துது. வேற கேமெல்லாம் ஓடுதே" என்றான். மழையை எடுப்பதை மறுநாள் மத்தியானம் வரை தள்ளிப்போட மட்டும் சம்மதித்தான். அவன் டிக்கெட் எடுக்கப் போக வேண்டியிருந்ததால், சனிக்கிழமை காலை நான் மட்டும் கடைக்குப் போனேன்.

இந்தத் தடவை ஸ்டிக்கரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் பின்னட்டையைக் கழற்றினார். உள்ளே இரண்டு சின்ன விசிறிகள். ஒன்று சுற்றியது. இன்னொன்று சுற்றவில்லை. காற்று வெளியேற வேண்டிய பின்பக்கச் சல்லடையில், சுற்றாத விசிறிப் பக்கமாக, மஞ்சளாகக் காய்ந்த கட்டி. ஸ்க்ரூடிரைவர் முனையால் அதைச் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் நீட்டினார். அவரும் மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார் பெரியவர், தமிழிலேயே.

"யாரு சார் மெஷினுக்குப் பொட்டு வச்சது? வீட்ல பெரியவங்களா?"

"ஆமா" என்றேன். எங்கள் வீட்டில் ஆண்களில் பெரியவன் நான்தான். ஆகையால் அது பொய் இல்லை.

ஆயுத பூஜை அன்று வீட்டில் உள்ள அரிவாள்மனை, மிக்சி, தம்பியின் பைக், என் தட்டச்சு எந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான். லேப்டாப்பும் ஆயுதம்தானே. முகப்பில் வைத்தால் கறை படியும் என்று யோசித்து, பின்பக்கம் வரிசையாக ஓட்டை இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, சம இடைவெளியில் ஆறு பொட்டுகள் வைத்தேன். மூன்று மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டன. மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். வெளியே துளி மிச்சமில்லை. எல்லாம் உள்ளே போயிருந்தது. அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

கடைக்காரர் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, நின்ற விசிறியைச் சுற்ற வைத்தார். புதுசு வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வர வேண்டும், பத்து நாள் ஆகும், திங்கட்கிழமைக்கு இது தாங்கும் என்றார். விசிறி கொஞ்சம் முனகியது. கடையை விட்டு இறங்கும்போது அவர்கள் இருவரும் பேசிச் சிரித்தது கேட்டது. இந்தத் தடவை மொழி தெரியாமலே புரிந்தது.

திருநகர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "தூசி" என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். தூசி என்பது யாருடையதும் அல்ல. சந்தனத்துக்கு ஆள் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்தேன். தம்பி டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தான். லேப்டாப்பை வாங்கிப் போட்டான்.

"என்ன சொன்னாரு?"

"தூசி. எடுத்துட்டாரு."

"சரி. எதுக்கும் மழைய எடுத்துர்றேண்ணே. தூசி இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். அங்க போய் நின்னுச்சுன்னா என் மானம் போயிரும். என் புரோகிராம்தாம்ணே பாரம், எனக்குத் தெரியும்."

விரல் விசைமேல் இருந்தது. மூன்று மாதம் அவன் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மணியோடு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது நான் வாயை மூடிக்கொண்டால் மழை போய்விடும். மழை போனால் அவன் போய்ச் சேரும் இடம் திருப்பூர்.

"எடுக்காத" என்றேன். "தூசி இல்ல. சந்தனம்."

"என்ன சந்தனம்?"

சொன்னேன். ஆறு பொட்டு, சம இடைவெளி, ஈரத்துணி எல்லாம். அடுப்படி வாசலில் என் மனைவி வந்து நின்றாள்.

"இந்த மூணு மாசமா" என்றான் மெதுவாக, "கரண்ட அளந்தீங்க."

"ஆமா."

"பஞ்சாங்கம் பாத்தீங்க."

"ஆமாடா."

"நான் குரங்கெல்லாம் எடுத்தேன்."

கையிலிருந்த குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

"குங்குமமும் வச்சீங்களா?"

"வச்சேன்."

"அண்ணே, நல்ல வேளை ஆயுத பூஜை அன்னிக்கு என்னையும் அந்த வரிசைல உக்கார வைக்கல. வாயிலயும் மூக்குலயும் பொட்டு வச்சு வெள்ளி செவ்வாய் மட்டும் ஏன் மூச்சு முட்டுதுன்னு எழுதியிருப்பீங்க."

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் விரலை எடுத்துவிட்டான். அன்று முழுக்க என்னுடன் பேசாமல் குரங்குகளைத் திரும்ப மலைக்குக் கொண்டுவந்தான். விழுதுகள் வந்தன, தாமரைகள் வந்தன. ஞாயிறு மத்தியானம் மழையோடு பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான். ஓடியது. சாயங்காலம் பஸ் ஏறினான். "போய்ட்டு வாரேன் மதினி" என்றான் அவளிடம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருபது நிமிடத்துக்குப் போன் வந்தது.

"நின்னு போச்சுண்ணே" என்றான்.

"அந்த விசிறியா?"

"நம்ம லேப்டாப் ஜம்முன்னு ஓடுச்சு. பதினஞ்சு நிமிசமும். அவுகளுக்குப் பிடிச்சுப்போயி, எங்க மெஷின்லயும் போட்டுக் காட்டுன்னாங்க. போட்டேன். ஓடவிட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனோம். அரை மணி கழிச்சு வந்து பாத்தா நின்னு கெடக்கு."

"ஏசி ரூம்தான அது?"

"அண்ணே, இது என் தப்புண்ணே. நெசமாவே என் புரோகிராம்ல தப்பு. மழை பெய்ய வச்சேன்ல, கீழ விழுந்த துளியெல்லாம் அழிக்கவே இல்ல. உள்ளயே சேந்துகிட்டே இருந்துருக்கு. அரை மணி ஓடுனாத்தான் ரொம்பி நிக்கும். நம்ம லேப்டாப் அம்புட்டு நேரம் எங்க உசுரோட இருந்துச்சு?"

"அப்புறம்?"

"எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியுமான்னாங்க. உக்காந்தேன். மூணு மாசமாப் படிச்ச வரிதான, எது எங்க இருக்குன்னு கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும். கால் மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் காட்டிட்டேன். நாளைக்கே சேரச் சொல்லிட்டாங்க. ஆனா விளையாட்டு செய்யுற வேல இப்போதைக்கு இல்லையாம். மத்தவங்க செஞ்சத ஓட்டிப் பாத்து, எங்க நிக்குதுன்னு கண்டுபிடிச்சு எழுதுற வேல."

"எழுதுறதா? எப்படி எழுதணுமாம்?"



"தேதி. மணி. எந்த இடத்துல நின்னுச்சு. அப்ப என்னென்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றான்.

"அப்படின்னா என் நோட்ட வேணும்னா கூரியர்ல..."

"அண்ணே, போன மதினிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர்கள் ஏழு நிமிடம் பேசினார்கள். அதில் ஐந்து நிமிடம் சிரிப்பு.